குளிக்கும்போது இறந்த நூற்றுப் பதின்மூன்று பேர்

ஏழு கடலும் ஏழு மலையும் தாண்டிப் போக வேண்டாம். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில்தான் செந்நா நாடு இருந்தது. அந்த நாட்டாருக்குத் தங்கள் நாக்கைப் பற்றி அப்படி ஒரு பெருமை. உலகத்தில் வேறெவனுக்கும் வராத 'ழ' தங்களுக்கு வருகிறதாம். பிள்ளை நடந்ததா, பல் முளைத்ததா என்பதெல்லாம் அங்கே அப்புறம்தான். 'மழை' என்று முதன்முதலாகச் சொன்ன நாளில்தான் பந்தல் போட்டு ஊருக்குச் சாப்பாடு போடுவார்கள்.

அந்த நாட்டின் தெற்கு ஓரத்தில் கழிமேடு என்றொரு குடியிருப்பு. உப்பங்கழியைத் தாண்டி எந்தக் காலத்திலோ வந்து குடியேறிய சனங்கள். அவர்களுக்கு 'ழ' வராது, 'ள' தான் வரும். தங்கள் ஊரையே களிமேடு என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில் அரண்மனை வாசலில் கூடி நின்று, வாயார, "மன்னர் வாளி! மன்னர் வாளி!" என்று வாழ்த்தியிருக்கிறார்கள். மன்னர் எட்டிப் பார்த்தார். இத்தனை பேர் ஒரே குரலில் வாளி கேட்கிறார்களே என்று ஆளுக்கொரு வாளி கொடுத்தார். வாளி வைத்திருப்பவனுக்கு ஒரு வேலை வேண்டுமே என்று, தலைநகரத்துக் கழிவுக் குழியை அள்ளும் வேலையையும் கூடவே கொடுத்துவிட்டார். அவருக்குக் காது மந்தம் என்று அரண்மனையில் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தனாவது வாயைத் திறந்தானா? இல்லை. ஏழு தலைமுறை போய்விட்டது.

பிறகு மன்னராட்சி ஒழிந்து மக்கள் மன்றம் வந்தது. தேர்தல் வந்தது. தேர்தல் மாதத்தில் மட்டும் வேட்பாளர்கள் எல்லாருக்கும் நாக்கு குட்டையாகிவிடும். கழிமேட்டுத் தெருக்களில் கைகூப்பிக்கொண்டு, "உங்க வாள்க்கைய ஒசத்துவோம், வறுமைய ஒளிப்போம்" என்று வாய் கூசாமல் பேசுவார்கள். வாக்கு எண்ணி முடித்த மறுநாள் நாக்கு பழையபடி நீண்டுவிடும்.

செந்நா நாட்டுச் சட்டப் புத்தகத்தில் கழிமேடு என்ற சொல்லே கிடையாது. அதைத்தான் மன்றத்தார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்கள். சட்டம் என்ன சொல்கிறது? குட்டை நாக்கு உள்ளவர்களுக்குக் குழிப்பணி, அவ்வளவுதான். பிறக்கும் பிள்ளைகளின் நாக்கைப் பதிவதற்கு ஓர் ஏடு உண்டு. கழிமேட்டில் பிள்ளை பிறந்தால் பதிவாளர் வருவார். பிள்ளையின் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் 'குறுநா' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அந்தப் பிள்ளை குட்டிக்கரணம் போட்டாலும் வேறு வேலை கிடையாது.

கழிமேட்டில் பேச்சி என்று ஒருத்தி இருந்தாள். போன வருஷம் மழைக்கு முன்னால் அவள் புருஷன் குழிக்குள் இறங்கினான், ஏறி வரவில்லை. அந்தக் குழி இருக்கிறதே, ஊரார் கழிவெல்லாம் பூமிக்கடியில் ஓடிவந்து விழும் இடம் அது. மூடிக்கல்லைப் புரட்டினால் உள்ளிருந்து ஒரு காற்று வரும். அதை இரண்டு தடவை இழுத்தால் மூன்றாவது தடவை இழுக்க ஆள் இருக்காது. பேச்சிக்கு இருபத்து நாலு வயதில் ஒரு தம்பி இருந்தான், மாசானம். தாய் தகப்பன் இல்லாமல் அவள் கையால் வளர்ந்தவன். இன்னும் குழிக்குள் இறங்காத பிள்ளை. அவனையாவது மேலேயே வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த எண்ணம். அதற்கு ஒரு சட்டம் வேண்டும். ஒரே ஒரு வரிச் சட்டம்.

மன்றத்துக்குப் போனாள்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனுவை எழுதிக் கொடுக்கக் கூடாது. நாவால் சொல்ல வேண்டும். அவையெழுத்தர் சீர்மொழியார் அதைக் கேட்டு எழுதுவார். 'காதில் விழுந்ததே எழுத்து' என்று அவர் தலைக்கு மேலே பொன்னெழுத்தில் பொறித்திருக்கும். ஏழை பணக்காரன் என்ற பேதம் கிடையாது. யார் சொன்னாலும் விழுந்தது விழுந்தபடி எழுதப்படும்.

"எங்க வீட்டுக்காரரு குளியில எறங்கிச் செத்துப்போனாரு அய்யா" என்றாள் பேச்சி. "எம் மாமனாரும் குளியிலதான் செத்தாரு. இனிமே மனுசர குளிக்குள்ள எறக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் போடுங்க."

சீர்மொழியார் எழுத்தாணியை ஓட்டினார். "குளிக்கையில் கணவர் இறந்தார். மாமனாரும் அவ்வாறே. மக்களைக் குளியலில் இறக்குவதைத் தடை செய்யக் கோருகிறார்."

"குளிக்கையில இல்லங்கய்யா! குளி! களிவெல்லாம் வந்து விளுமே, அந்தக் குளி!" அவள் தரையைக் காட்டினாள். கையால் தோண்டிக் காட்டினாள்.

"கையால் காட்டுவது எழுத்தாகாது அம்மா."

"சரி, பள்ளம்னு எளுதுங்க."

"பள்ளம் சாலைத் துறையைச் சேர்ந்தது."

"சாக்கடைன்னாவது போடுங்களேன்!"

"சாக்கடை என்பது தெருவோரத்தில் கணுக்கால் அளவு ஓடுவது. அதில் விழுந்து எவரும் இறக்க இயலாது. உண்மைக்குப் புறம்பானதை நான் எவ்வாறு எழுதுவேன்?"

தூய்மைத்துறை அமைச்சர் நறுமணவேள் எழுந்தார். எப்போதும் ஒரு கையில் தாழம்பூ வைத்திருப்பார். தன் துறையின் வாசனை அவருக்கு ஆகாது. இறப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"அவையோரே! கடந்த நாற்பது ஆண்டுகளில் குழிக்குள் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. இது நமது ஆட்சியின் சாதனை. ஆனால் கழிமேட்டில் மட்டும் நூற்றுப் பதின்மூன்று பேர் குளிக்கும்போது இறந்திருக்கிறார்கள்! அந்த மக்களுக்கு நீரில் எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை. நாம் கைகட்டி வேடிக்கை பார்க்கலாமா?"

பார்க்கலாகாது என்று அவை ஒருமனதாகச் சொன்னது. அன்று மாலையே ஆணை வந்தது. குறுநா உடையோர் எவரும், அவர்தம் உயிரைக் காக்கும் பொருட்டு, இனிக் குளிக்கக் கூடாது.

என்னத்தைச் சொல்ல! குழியிலிருந்து ஏறி வருகிறவன் மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. கிணற்றடியில் காவல் போட்டார்கள். சனங்கள் மணலை அள்ளித் தேய்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்தது.

மூன்று வாரம் போயிற்று. நாற்றம் தாங்கவில்லை என்று தலைநகரத்துக் கடைக்காரர்கள் முறையிட்டார்கள். மன்றம் கூடி இரண்டாவது ஆணையைப் போட்டது. குளிக்காத எவரும் சந்தை, கல்விச்சாலை, மருத்துவசாலை, மன்றம் ஆகியவற்றுக்குள் நுழையக் கூடாது. இது நாட்டு மக்கள் அனைவருக்கும் பொது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. பொதுதான்! குளிக்கக் கூடாது என்று சட்டம் யாருக்கு இருக்கிறதோ அவர்களைத் தவிர அந்த நாட்டில் குளிக்காதவன் எவன் இருக்கிறான்?

பேச்சி மறுபடி போனாள். மன்றத்துக்குள் விடவில்லை, அவள்தான் குளிக்காதவள் ஆயிற்றே. வாசலில் நின்று கத்தினாள். கத்தினது கொஞ்சம் உள்ளே கேட்டது. இந்தப் பெண் இவ்வளவு தூரம் வந்து கத்துகிறாளே, ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று அவைத்தலைவரே மனமிரங்கினார். ஒரு குழு அமைத்தார்கள். குழு கழிமேட்டு ஓடைக்கு எதிர்க்கரையில் குடை பிடித்து நின்று பார்த்துவிட்டு, இம்மக்களுக்கு இருக்கும் ஒரே குறை மரியாதை இல்லாததுதான் என்று கண்டுபிடித்துச் சொன்னது. மூன்றாவது ஆணை அப்படித்தான் வந்தது. குழிப்பணி செய்வோர் இனிக் 'குழிச்செம்மல்' என்று அழைக்கப்படுவர். ஆளுக்கொரு பித்தளை வில்லை கழுத்தில் தொங்கவிடப்படும். பட்டம் பெற்றவர் பணிக்கு வர மறுத்தால் அது நாட்டை அவமதித்ததாகும்.

அதுவரைக்கும் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி ஒருநாள் இரண்டுநாள் தப்பிக்கவாவது வழி இருந்தது. அதுவும் போயிற்று. அந்த வருஷத்துப் பட்டியலில் முதல் பெயர் மாசானம். ஐப்பசி மழைக்கு முன்னால் பெரிய அடைப்பை எடுக்க வேண்டும். நாள் குறித்தாகிவிட்டது.

மாசானம் வில்லையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "என்னக்கா, குளிச்செம்மலாமுல்ல நான்!" என்று சிரித்தான்.

"களட்டுலே அத! சிரிப்பு என்ன வேண்டிக்கெடக்கு!" என்றாள் பேச்சி. கத்திவிட்டு அழுதாள். அழுது முடித்தபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. எல்லாம் ஓர் எழுத்தில் வந்து நிற்கிறது. அந்த ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டால் அப்புறம் இவர்கள் என்ன சாக்குச் சொல்வார்கள்?

கல்விச்சாலையின் பின்சுவருக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். உள்ளே பிள்ளைகள் 'பழம், புழு, உழவு' என்று ஒப்பிக்கும். இவள் வெளியே நாக்கை மடித்து மடித்துப் பார்ப்பாள். சுருட்டினால் 'ர' வந்தது, விட்டால் 'ள' வந்தது, நடுவே வெறும் காற்று வந்தது. போகிற வருகிறவர்கள் பைத்தியம் என்றார்கள். நாற்பது நாள் ஆயிற்று. நிஜமாகவே நாக்கு தள்ளிப்போனது. நாற்பத்தோராவது நாள் காலையில், வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது, வாயிலிருந்து விழுந்தது. குழி. மறுபடி சொன்னாள். குழி, குழி, குழி. தெருவில் குதித்தாள்.

அன்றே மன்றத்துக்கு ஓடினாள். வாசலில் காவலன் மறித்தான். "வழி விடுங்கள்" என்றாள். அந்த 'ழ'வைக் கேட்டதும் அவன் பதறி விலகிவிட்டான்.

அவை நடுவில் நின்று சொன்னாள். "என் புருசன் குழியில செத்தாரு. குழி! குளிக்கப் போகல. நூத்திப் பதிமூணு பேரும் குழியிலதான் செத்தாங்க. எந்தம்பிய அடுத்த மாசம் குழியில எறக்கப் போறீங்க. மனுசரக் குழியில எறக்கக் கூடாதுன்னு சட்டம் போடுங்க!"

சீர்மொழியாரின் எழுத்தாணி நின்றுவிட்டது. நறுமணவேள் தாழம்பூவை ஒரு தடவை முகர்ந்துவிட்டு எழுந்தார்.

"குறுநா உடையவரால் இவ்வெழுத்தைச் சொல்ல இயலாது. இவர் சொல்லிவிட்டார். ஆகவே இவர் குறுநா உடையவர் அல்லர். குறுநா அல்லாதவருக்குக் குழியால் யாதொரு பாதிப்பும் இல்லை. பாதிப்பு இல்லாதவர் மனுச் செய்ய விதியில் இடமில்லை."

"அப்படின்னா ஏட்டுல எம் பேருக்கு நேரா இருக்கிற குறுநாவ அடிங்க! எந்தம்பிக்கும் அடிங்க!"

"ஏட்டில் எழுதியதை அடிக்கச் சட்டம் இல்லை."

பேச்சிக்கு வந்ததே ஆத்திரம். "சட்டம் இல்லன்னா போடுங்க! அதுக்குத்தானே உங்கள இங்க உக்கார வச்சிருக்கோம்? வாளி தூக்கச் சட்டம் போட்டீங்க, குளிக்காததுக்குச் சட்டம் போட்டீங்க, கழுத்துல தகரத்தக் கட்டச் சட்டம் போட்டீங்க. ஒரு உசுரக் காப்பாத்த ஒரு வரி எழுத மட்டும் கை வராதா? சாகிறது நாங்கன்னு தெரியும். எதனால சாகுறோம்னும் தெரியும். தெரியாத மாதிரி இன்னும் எத்தன காலத்துக்கு நடிப்பீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள். ஒருத்தரும் பிடுங்கிக்கொள்ளவில்லை, ஆனால் மாடத்தில் இருந்த பொதுசனம் கைதட்டிவிட்டது. அதுதான் வினை. தேர்தலுக்கு இரண்டே மாதம். கழிமேட்டில் வாக்கு நிறைய. அவையில் ஒரு கிசுகிசுப்பு ஓடியது. அவைத்தலைவர் எழுந்து, இந்தச் சகோதரியின் கண்ணீர் தம் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது என்றார். அவர் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார்.

மறுநாள் சட்டம் வந்தே விட்டது. 'செந்நா நாட்டில் எந்த மனிதரையும் குழியில் இறக்கக் கூடாது. இறக்கினால் ஏழாண்டு சிறை.' ஒரு எதிர்ப்புக்கூட இல்லாமல் நிறைவேறியது. கழிமேட்டில் தப்பு முழங்கியது. பேச்சி தம்பியைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அவன் கழுத்து வில்லையைப் பிடித்து இழுத்து ஓடையில் எறிந்தாள்.

அதே நாளில், அதே கூட்டத்தில், கடைசியாக இன்னொரு சட்டமும் நிறைவேறியது. கழிமேட்டு மக்களின் பேச்சை இத்தனை காலம் இழிவுபடுத்திய குற்றத்துக்கு மன்றம் வருந்துகிறது. அதற்குப் பரிகாரமாக, அவர்கள் சொல் ஒன்று நாட்டின் அகராதியில் ஏற்றப்படுகிறது. தலைநகரத்துக் கழிவு சேரும் இடம் இன்று முதல் 'குளி' என்று வழங்கப்படும். அதை 'ழ' இட்டு உச்சரித்து அம்மக்களின் நாவை ஏளனம் செய்பவருக்கு மூன்று நாள் சிறை.

முரசறைந்து சொன்னபோது அதற்கும் சனங்கள் ஆரவாரம் செய்தார்கள். மாசானத்துக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, நம்ம சொல்ல சட்டமாக்கிட்டாங்கக்கா! இனி எவனும் நம்மளக் கேலி பேச முடியாது!" பேச்சியும் சிரித்தாள். பாவம், அவளுக்கும் அன்றைக்குச் சந்தோஷத்தில் ஒன்றும் உறைக்கவில்லை.

ஐப்பசி பிறக்க நாலு நாள் இருக்கும்போது குழிப்பணிக் கண்காணிப்பாளர் ஆட்களோடு வந்தார். மாசானத்தைக் கூப்பிட்டார். பேச்சி ஓடிப்போய் மூடிக்கல் மேலே உட்கார்ந்துகொண்டாள்.

"சட்டம் இருக்கு! மனுசரக் குழியில எறக்கக் கூடாது!"

"இருக்கிறது அம்மா. அதை மீற எனக்கென்ன பைத்தியமா? ஏழாண்டு சிறை ஆயிற்றே." கண்காணிப்பாளர் ஓலையைப் பிரித்துக் காட்டினார். "குழியில் இறக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. இது குளி. உங்கள் சொல்தான்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அடப்பாவிகளா! பேர மாத்தினா காத்து மாறிருமா? இது குழி! குழி!"

"எல்லாரும் கேட்டீர்களா?" என்று கண்காணிப்பாளர் வருத்தத்தோடு சுற்றிலும் பார்த்தார். "கழிமேட்டு மக்களின் நாவை ஒருத்தி ஏளனம் செய்கிறாள். இதை நான் பொறுத்துக்கொள்ள முடியாது."

நாலு பேர் அவளைத் தூக்கினார்கள். அவள் கடித்தாள், உதைத்தாள். ஒருவன் அவள் கையை முறுக்கினான். மாசானத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "அக்காவ விட்டுருங்க! அவள ஒண்ணும் செய்யாதீங்க, நான் எறங்குதேன்!" என்று குறுக்கே வந்து நின்றான்.

"எறங்காதலே! எறங்காத தம்பி! மூணு நாளுதானலே, நான் இருந்துட்டு வாரேன்!"

அவள் சொல்வதை அவன் கேட்கவில்லை. அக்காவை விட்டுவிடுகிறோம் என்று கண்காணிப்பாளர் வாக்குக் கொடுத்த பிறகுதான் கல்லைப் புரட்டினான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். உள்ளே போகுமுன் அவளைப் பார்த்து, "சீக்கிரம் வந்துருவேன், சோறு வடிச்சு வையி" என்றான். கயிறு கொஞ்ச நேரம் ஆடியது. அப்புறம் ஆடவில்லை.

அரசு சொன்ன சொல் தவறவில்லை. உடலை வெளியே எடுத்த கையோடு அவளை விட்டுவிட்டார்கள்.

இறப்பைப் பதியாமல் அடக்கம் செய்ய விடமாட்டார்கள். பேச்சி எழுத்தர் முன்னால் போய் நின்றாள். சீர்மொழியார் கெட்டவர் இல்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஏட்டைத் திருப்பி அவளுக்கு வாசித்துக் காட்டினார். "மாசானம். கழிமேடு. வயது இருபத்து நான்கு. குளியில் இறந்தார்."

பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "இந்த முறை ஓர் எழுத்துப் பிழையும் இல்லை அம்மா. நீ முதல் நாள் சொன்னபடியே, அகராதிச் சொல்லாகவே எழுதியிருக்கிறேன். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமானால் சொல். காதில் விழுவதை அப்படியே எழுதுகிறேன்" என்றார்.

பேச்சி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். நறுமணவேளும் அங்கேதான் இருந்தார். அவள் இந்த முறை நாக்கை மடிக்கவில்லை, சுருட்டவில்லை. மடிக்க வேண்டிய எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை. கைக்குழந்தைக்குக்கூடப் புரிகிற சொற்கள். நிறுத்தி, ஒவ்வொன்றாக, மன்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எந்தம்பிய நீங்க கொன்னுட்டீங்க."

எழுத்தாணி ஏட்டின் மேலே அப்படியே நின்றது. சீர்மொழியார் திரும்பி அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தாழம்பூவைப் பார்த்தார். சீர்மொழியார் மெல்லக் குனிந்து, காதோரம் கையை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா சொன்னாய்? சரியாகக் காதில் விழவில்லை."